மயக்கத்துக்கு முன் ஒரு தம்ளர் பால்

குடலிறக்க சஸ்திர சிகிச்சைக்கென்று காலையில் அழைத்து வரப்பட்ட மூன்று வயதுக் குழந்தையொன்று, பகல் 11 மணியாகியும் முறை வராமல், உதடு உலர்ந்து, அழவும் தெம்பின்றித் தாயின் தோளில் சாய்ந்து கிடக்க, அதன் கேஸ் ஷீட்டிலோ குழந்தை மருத்துவ முதுநிலை மாணவர் ஒருவர் "நள்ளிரவு முதல் வாய்வழி ஒன்றும் கூடாது, மயக்கத்துக்கு ஃபிட்" என்று எழுதித் தம் கடமையை முடித்திருந்தார். அடுத்த கட்டில் குழந்தை அரைமணிக்கு முன்புதான் பால் குடித்திருந்தது. "வெறும் பால்தானே டாக்டர், பச்சப்புள்ள பசி தாங்குமா?" என்றாள் பாட்டி. இவ்விரண்டும் மயக்கவியல் மருத்துவனாகிய நான் அடிக்கடி காணும் காட்சிகள்.

உபவாசம் சடங்கன்று

பிரக்ஞை தப்பியதும் இருமலும் விழுங்கலும் அடங்கிவிட, இரைப்பையிலுள்ளது மேலேறி நுரையீரலுக்குள் இறங்கலாம் என்பதற்காகவே பட்டினி. திட ஆகாரத்துக்கும் பசும்பாலுக்கும் 6 மணி நேரம், தாய்ப்பாலுக்கு 4, தெளிந்த நீருக்கு 2 (ஐரோப்பாவில் இப்போது 1) என்பதே கணக்கு. வயிற்றில் திரிந்து கட்டியாகும் பால் தண்ணீராகாது. தண்ணீரை நள்ளிரவிலிருந்து தடுப்பதும் ஜாக்கிரதையாகாது.

சளியை மறைக்கும் அன்பு

தேதி தள்ளிப்போகுமே என்றஞ்சி, முந்தின இரவு மருந்துக்கடையில் தாமே கேட்டு வாங்கிய இருமல் சிரப்பை ஊற்றி, மூக்கைத் துடைத்து, "சளியே இல்லை" என்று சாதிக்கும் பெற்றோரிடம் எனக்குக் கோபம் வராமலில்லை. சிரப் சத்தத்தைத்தான் அடக்கும். புண்பட்ட சுவாசப் பாதையோ, மயக்கத்தின்போது குரல்வளை சட்டென இறுகி மூச்சடைக்கக் காத்திருக்கும். வீட்டில் தகப்பனார் பிடிக்கும் பீடியும் அதற்குத் துணை. காய்ச்சலும் மஞ்சள் சளியும் இருந்தால் இரண்டு முதல் நான்கு வாரம் பொறுப்பதே வழக்கம். ஆனால் வலிப்பு மருந்தையும் ஆஸ்துமா இன்ஹேலரையும் "பட்டினி" என்று நிறுத்திவிடுகிறார்களே, அது இன்னொரு விபரீதம்.

மூளை மழுங்குமா?

மூன்று வயதுக்குட்பட்டோருக்கு மூன்று மணி நேரத்துக்கு மேற்பட்ட அல்லது பலமுறை கொடுக்கும் மயக்கம் குறித்து அமெரிக்க மருந்து நிர்வாகம் 2016இல் எச்சரித்தது மெய். ஒரு மணி நேரத்துக்குட்பட்ட ஒரே மயக்கம் பெற்ற சிசுக்களின் புத்தி ஐந்து வயதில் குறையவில்லை என்று 2019இல் வெளியான ஆய்வு காட்டியதும் மெய். முன்னதை மட்டும் கேட்டறிந்த மாணவர், பெற்றோரை வீணே கலங்கடிக்கிறார்.

மாணவர்களுக்கு

இரத்தப் பரிசோதனை தேவையானால் போதும். குறைமாதப் பிறப்பா, இரவில் குறட்டையா, ஆடும் பல்லா, குடும்பத்தில் எவருக்கேனும் மயக்கத்தில் ஆபத்து நேர்ந்ததா என்பதை விசாரியுங்கள். ஒரு வாரமாவது தியேட்டருக்குள் வந்து, எங்கள் பக்கத்தில் நில்லுங்கள். மன்றாடிக் கேட்கிறேன், "ஃபிட்" என்று எழுதும் பேனாவாலேயே "9 மணி வரை தண்ணீர் தரலாம், பால் கூடாது" என்றும் எழுதி, அதைப் பாட்டியிடம் வாயாலும் ஒருமுறை சொல்லிவிடுங்கள்.