கையெழுத்துப் போடுவதற்கு முன்

ஆட்டிசம் உள்ள பிள்ளையைப் பள்ளிகள் 'நீக்குவது' அபூர்வம். அம்மாவை வரவழைத்து, உட்காரவைத்து, "மத்த பேரன்ட்ஸ் கம்ப்ளெய்ன்ட் பண்றாங்க, நீங்களே டி.சி. வாங்கிட்டா பையன் பேரும் கெடாது" என்பார்கள். நீட்டும் விண்ணப்பத்தில் 'சொந்தக் காரணங்களுக்காக' என்று ஒரு வரி இருக்கும். கையெழுத்து விழுந்துவிட்டால் பள்ளி யாரையும் வெளியேற்றவில்லை, நீங்களாகப் போனீர்கள் என்றாகிவிடும்.

ஆகவே கையெழுத்துப் போடாமல் எழுந்து வாருங்கள். போகச் சொல்வதானால் எழுத்தில் தரும்படி கேளுங்கள். அநேகமாகத் தர மாட்டார்கள். தந்தால் மாட்டிக்கொள்வார்கள் என்று அவர்களுக்கும் தெரியும். 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டப்படி 8ஆம் வகுப்பு முடியும்வரை பிள்ளையை வெளியேற்றக் கூடாது. 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் பட்டியலிடும் 21 குறைபாடுகளில் ஆட்டிசமும் ஒன்று. அரசு நிதியோ அங்கீகாரமோ பெற்ற பள்ளிகள் பாகுபாடின்றிச் சேர்த்து, பிள்ளைக்குத் தேவையான ஏற்பாடுகளையும் செய்ய வேண்டும் என்கிறது அது. பள்ளியில் பேசியதை அன்று இரவே அவர்களுக்கு மின்னஞ்சலாக அனுப்பிவிடுங்கள். பின்னால் மாவட்டக் கல்வி அலுவலரிடமோ, மாற்றுத்திறனாளிகளுக்கான மாநில ஆணையரிடமோ போகும்போது தேதியோடு கையில் இருப்பது அதுதான்.

விவகாரம் காவல் நிலையம்வரை போவதும் உண்டு. மணி அலறுகிறது, பையன் காதைப் பொத்திக்கொண்டு கத்துகிறான். ஆசிரியர் தோளைப் பிடித்து இழுக்க, அவன் தள்ளிவிட, அவர் விழுகிறார். புகாரில் இது 'தாக்குதல்'. ஏட்டு கேட்கிறார்: "நீதானே அடிச்சே?" அவன் சொல்கிறான்: "அடிச்சே." கேட்டதையே திருப்பிச் சொல்வது ஆட்டிசத்தில் சகஜம். தெரியாதவர் காதுக்கு அது ஒப்புதல்.

விசாரணையின்போது நீங்கள் உடன் இருப்பது இதற்காகத்தான். அதற்கு விதியில் இடமுண்டு. இளைஞர் நீதிச் சட்டம், 2015இன்படி 18 வயது நிரம்பாதவரை லாக்கப்பில் வைக்கக் கூடாது. பிடித்தால் 24 மணி நேரத்துக்குள் இளைஞர் நீதிக் குழுமத்தின் முன் நிறுத்த வேண்டும். 2016ஆம் ஆண்டின் மத்திய மாதிரி விதிகள் இன்னும் தெளிவானவை: கொடிய குற்றமோ பெரியவர்களோடு சேர்ந்து செய்ததோ அல்லாவிட்டால் எஃப்.ஐ.ஆர். கிடையாது. எந்தக் குற்றமானாலும் விலங்கு கிடையாது. குற்றத்தை ஒப்புக்கொள்ளும்படி வற்புறுத்தவோ, வாக்குமூலத்தில் பிள்ளையிடம் கையெழுத்து வாங்கவோ கூடாது. தேவைப்பட்டால் சிறப்பாசிரியரின் உதவியும் தர வேண்டும். "சிறப்பாசிரியரை வரச்சொல்லுங்கள்" என்று நீங்கள்தான் கேட்க வேண்டியிருக்கும். தானாக நடக்கும் என்று எதிர்பார்க்காதீர்கள்.

"ஒரு மன்னிப்புக் கடிதம் எழுதிக் கொடுத்துட்டுக் கூட்டிட்டுப் போங்க" என்பார்கள். அலைச்சல் மிச்சம் என்று தோன்றும். அந்தக் கடிதமே நாளை பள்ளிக்கு ஆதாரமாகலாம். வழக்கறிஞரைப் பார்க்காமல் எழுதாதீர்கள். பணமில்லை என்று தயங்க வேண்டாம்: 1987ஆம் ஆண்டின் சட்டப்பணிகள் ஆணைக்குழுச் சட்டப்படி குழந்தைகள், பெண்கள், மாற்றுத்திறனாளிகள் மூவருக்கும் வருமானம் பாராமல் இலவச உதவி உண்டு. மாவட்ட நீதிமன்ற வளாகத்தில் விசாரித்தால் ஆணைக்குழுவின் அலுவலகத்தைக் காட்டுவார்கள். அவசரத்துக்குக் குழந்தைகள் உதவி எண் 1098. மாற்றுத்திறனாளி சான்றின் நகல் ஒன்று எப்போதும் பையில் இருக்கட்டும்.