மெலிவில் மூவர்

பேஸ் கிட்டாரின் நான்கு தந்திகளுள் தடித்ததைச் சுண்டிவிட்டு உற்று நோக்கினால், அது அதிர்வது கண்ணுக்கே புலப்படும். தந்தி கோடாக இராது. நடுவில் பருத்து இரு முனையிலும் ஒடுங்கிய நூற்கதிர் போல மங்கலாக விரிந்து நிற்கும். நொடிக்கு 41 முறை அது போய்வருகிறது. மாந்தச் செவி ஒலியென்று உணரும் அதிர்வெண்ணின் கீழெல்லை ஏறத்தாழ 20 ஹெர்ட்ஸ். அவ்வெல்லைக்கு ஒரே ஒரு தாயி மேலே நின்று பாடுகிறது இத்தந்தி. அடுத்த மூன்றும் 55, 73, 98 என ஏறுகின்றன. மெலிவு, சமன், வலிவு என்று நம் இசைமரபு வகுத்த மூன்று நிலைகளில் மெலிவின் அடித்தட்டே இக்கருவியின் குடியிருப்பு.

இசைக்குழு ஒன்றில் இக்கருவி பெரும்பாலும் ஒன்றே இருக்கும். வயலின் வாசிப்போர் பதின்மர் தோளோடு தோள் உரச அமர்வதுண்டு. பேஸ் வாசிப்பவரோ தம் இனத்தார் இன்னொருவரோடு ஒரே மேடையில் நிற்பது அரிது. ஆகவேதான் அக்கருவியில் கைதேர்ந்தோர் சிலர் ஒன்றுகூடினால் அது செய்தியாகிறது. கூடவே கருத்தும் பிளவுபடுகிறது.

2008ஆம் ஆண்டு அப்படியொரு கூட்டம் அமைந்தது. ஸ்டான்லி கிளார்க், மார்கஸ் மில்லர், விக்டர் வூட்டன் என்னும் அமெரிக்கர் மூவர், தம் பெயர்களின் முதலெழுத்துகளால் எஸ்.எம்.வி. என்று குழுவுக்குப் பெயரிட்டு, 'தண்டர்' என்ற இசைத்தொகுப்பை வெளியிட்டனர். மூவரும் எளியவர் அல்லர். கிளார்க் பிறந்தது 1951இல்; லியோ பெண்டர் தம் 'பிரிசிஷன் பேஸ்' கிட்டாரைச் சந்தைக்குக் கொணர்ந்த ஆண்டும் அதுவே. 1976இல் வந்த 'ஸ்கூல் டேஸ்' தொகுப்பில் அக்கருவியைக் குழுவின் பின்வரிசையிலிருந்து முன்வரிசைக்கு அழைத்து வந்தவர் அவர். மில்லர், மைல்ஸ் டேவிசின் 'டுட்டு' தொகுப்பை 1986இல் பெரும்பகுதி தாமே இயற்றி உருவாக்கிக் கொடுத்தவர். வூட்டன் 1996இல் 'எ ஷோ ஆஃப் ஹேண்ட்ஸ்' என்னும் தொகுப்பை வேறு இசைக்கருவி எதன் துணையுமின்றிப் பேஸ் கிட்டாரைக் கொண்டே அமைத்தவர்.

இத்தகையோர் சேர்ந்து வாசித்தால் அது பெரும்பேறு என்பது ஒரு சாரார் கருத்து. வீட்டுக்கு அடித்தளம் ஒன்று போதாதா, மூன்று எதற்கு என்பது மறுசாரார் வாதம். மூன்று பேஸ் ஒருங்கே முழங்கினால் சேறு கலங்கியது போல இருக்கிறது என்பர் அவர்கள். இன்னும் கூர்மையான குறை ஒன்றும் உண்டு. கைதேர்ந்தோர் கூடும்போது மூவரும் மாறி மாறி மேலே ஏறி, விரைந்தோடி, முதன்மைக் கிட்டாரின் வேலையைச் செய்கின்றனர். அதற்குப் பேஸ் எதற்கு, கிட்டாரே போதுமே என்பது அது. சுவை ஆளுக்காள் வேறுபடும் என்று சொல்லி இவ்வழக்கை முடித்துவிட எனக்கு மனமில்லை. இதில் பாதிக்கு மேல் சுவை பற்றியதே அன்று. தந்தியின் இயல்பும் செவியின் அமைப்பும் பற்றியது.

சேற்றிலிருந்து தொடங்குவோம். இரண்டு பேஸ் கிட்டார்களின் தடித்த தந்திகளை ஒன்றாகச் சுண்டுங்கள். ஒன்று 41 ஹெர்ட்சிலும் மற்றது 42 ஹெர்ட்சிலும் அதிர்ந்தால், ஒலி நொடிக்கொரு முறை பொங்கித் தணியும். இதனை விம்மல் என்கிறோம். இசைவாணர் சுதி சேர்ப்பதே இவ்விம்மலைக் கேட்டுத்தான். அது மெல்ல மெல்ல நீண்டு நின்றுபோனால் தந்திகள் ஒன்றின என்று பொருள். இடைவெளியைக் கூட்டிக்கொண்டே போனால் விம்மல் விரைந்து, எண்ண முடியாத நிலைக்கு வந்து, கரகரப்பாக மாறுகிறது. செருமானிய அறிஞர் எல்ம்ஹோல்ட்ஸ் 1863இல் வெளியிட்ட இசையொலி ஆய்வுநூலில், இன்னிசைக்கும் இன்னா இசைக்கும் உள்ள வேறுபாட்டின் வேர் இக்கரகரப்பே என்றார். நொடிக்கு முப்பதுக்குச் சற்று மேற்பட்ட விம்மல்களே செவியை மிக உறுத்துவன என்பது அவர் கணிப்பு. நரம்புகளுக்கிடையே நட்பும் பகையும் உண்டென்று கண்ட நம் முன்னோர் இதைக் கேட்டிருந்தால் வியந்திருக்க மாட்டார்கள்.

நெதர்லாந்தின் பிளாம்ப், லெவெல்ட் இருவரும் 1965இல் இக்கருத்தைச் செம்மைப்படுத்தினர். செவி அதிர்வெண்களைப் பட்டை பட்டையாகப் பிரித்துக் கேட்கிறது. இரண்டு ஒலிகள் ஒரே பட்டைக்குள் அகப்பட்டால் ஒன்றோடொன்று மோதிக் கரகரக்கும். பட்டைக்கு அப்பால் விலகி நின்றால் இரண்டும் தெளிவாகத் தனித்து ஒலிக்கும். இப்பட்டையை மாறுநிலைப் பட்டை என்போம். இங்கேதான் பேஸ் வாசிப்பவரின் இடர் தொடங்குகிறது. 500 ஹெர்ட்சுக்குக் கீழே இப்பட்டையின் அகலம் ஏறத்தாழ 100 ஹெர்ட்சில் நின்றுவிடுகிறது, அதற்குமேல் குறுகுவதில்லை. ஆனால் இசைக்குறிகளுக்கு இடையிலான தொலைவோ கீழே போகப் போகச் சுருங்கிக்கொண்டே போகிறது.

அருகில் விசைப்பலகை இருந்தால் சோதித்துப் பார்க்கலாம். குரல்–கைக்கிளை, அதாவது ச–க என்னும் இணையை மேல்தாயியில், 659, 831 ஹெர்ட்ஸ் அளவில் அழுத்துங்கள். இடைவெளி 170 ஹெர்ட்சுக்கும் மேல், இரண்டும் வெவ்வேறு பட்டைகளில் விழுகின்றன, இனிமை. அதே இணையை நான்கு தாயி கீழே இறக்கி அழுத்துங்கள். இப்போது அவை 41, 52 ஹெர்ட்ஸ். தகவு மாறவில்லை, இடைவெளியோ 11 ஹெர்ட்சாகச் சுருங்கிவிட்டது. கேட்பது இசையிணை அன்று, உறுமல். மேற்கத்திய இசையமைப்பாளர்கள் கீழ்க்குரல்களுக்கு இடையே அகல இடம் விட்டு, மேற்குரல்களை நெருக்கி எழுதுவது இதனால்தான்.

ஒவ்வொரு தந்தியும் தன் அடிப்படை அதிர்வெண்ணை மட்டும் பாடுவதில்லை. அதன் இருமடங்கு, மும்மடங்கு எனச் சீரிசைகளையும் சேர்த்தே பாடுகிறது. மூவர் தடித்த தந்திகளிலேயே வாசித்தால், ஒவ்வொருவரின் முதல் ஐந்து சீரிசைகளையும் கூட்டப் பதினைந்து ஒலிகள் ஆகின்றன. அத்தனையும் இரண்டு மூன்று பட்டைகளுக்குள் அடைபட வேண்டும். சேறு என்றவர் பொய் சொல்லவில்லை.

கேடு அதோடு நிற்பதும் இல்லை. செவியின் உள்ளே நத்தைக்கூடு போன்ற உறுப்பில், ஏறத்தாழ 35 மில்லிமீட்டர் நீளத்தில் ஒரு சவ்வு கிடக்கிறது. ஒலி நுழையும் வாயிலருகே அது விறைப்பானது. உயர்ந்த அதிர்வெண்களுக்கு அசைவது அவ்விடம். தொலைவில் அகன்று தளர்ந்த முனை தாழ்ந்தவற்றுக்குரியது. அலை இச்சவ்வின் மீது பயணம் செய்வதைக் கண்டு காட்டியவர் அங்கேரியில் பிறந்த பெக்கேசி. 1961இல் நோபல் பரிசு பெற்றார். தாழ்ந்த ஒலியின் அலை தன் இடம் சேர, உயர்ந்த ஒலிகளின் இடங்கள் அனைத்தையும் கடந்தே போகவேண்டும். போகிற வழியெல்லாம் அது அசைத்துவிட்டுப் போகிறது. ஆகவே தாழ்ந்த ஒலி உயர்ந்ததை எளிதில் மறைக்கும். உயர்ந்தது தாழ்ந்ததை அவ்வளவாக மறைக்காது. மெலிவில் மூவர் முழங்கினால் அவர்கள் ஒருவரையொருவர் மறைப்பதோடு, மேலே வாசிக்கும் ஏனையோரையும் மூடிவிடுவர்.

இதை அறிவியல் நூல் படித்துத்தான் இசைவாணர் அறியவேண்டும் என்பதில்லை. 1960 டிசம்பரில் ஆர்னெட் கோல்மன் 'ஃப்ரீ ஜாஸ்' தொகுப்புக்காக இரண்டு நால்வர் குழுக்களை ஒரே நேரத்தில் வாசிக்கச் செய்தார். பேஸ் வாசித்தோர் இருவர்: சார்லி ஹேடன் கீழே ஊன்றி நின்றார், ஸ்காட் லஃபாரோ மேலே பறந்தார். இரு குழுவினரும் இடம், வலம் என வேறு வேறு ஒலித்தடங்களில் பதிவாயினர். ரே பிரவுன், ஜான் கிளேட்டன், கிறிஸ்டியன் மெக்பிரைட் மூவரும் 1996இல் பாஸ்டன் நகரில் பெரிய பேஸ் வயலின்களோடு கூடியபோது, விரலால் சுண்டுவது ஒரு குரலாகவும் வில்லால் இழைப்பது வேறொரு குரலாகவும் பிரிந்து நின்றன. ஒலிநிறம் வேறானால் செவி பிரித்தறிய வழி பிறக்கிறது.

பேஸ் கிட்டாருக்கு வில் இல்லை. அதற்கு ஈடாக அமைந்தது கட்டைவிரல். மில்லரின் வலக்கையைக் கவனியுங்கள். மெட்டுப்பலகை முடியும் இடத்தில், கட்டைவிரல் கணுவின் பக்கவாட்டு எலும்பால் தந்தியைத் தட்டி, அந்நொடியே விரலை விடுவிக்கிறார். தந்தி துள்ளிப்போய்க் கடைசி மெட்டுகளின் உலோகத்தில் மோதுகிறது. அடுத்து ஆட்காட்டி விரல் மெல்லிய தந்தியின் அடியில் நுழைந்து அதை இழுத்து விடுகிறது. அது திரும்பி வந்து மெட்டில் அறைகிறது. உலோகம் உலோகத்தில் படும் அந்த மோதலில் ஆயிரக்கணக்கான ஹெர்ட்ஸ் வரை ஒலியாற்றல் சிதறுகிறது. அவ்வுயரத்தில் செவிக்குப் பட்டைகள் பஞ்சமில்லை.

இம்முறையைத் தோற்றுவித்தவர் லேரி கிரஹாம். 1960களில் சான்பிரான்சிஸ்கோப் பகுதியில் தம் தாயோடு இணைந்து வாசித்து வந்தார். முரசு வாசிப்பவர் இல்லாது போனதும், பெருமுரசின் இடத்தைக் கட்டைவிரலின் தட்டாலும் சிறுமுரசின் இடத்தை ஆட்காட்டி விரலின் அறையாலும் நிரப்பினார். தேவைக்குப் பிறந்த கைத்திறம் அது. அதைக் காட்சிக்கான வித்தை என்று பழிப்போர், மெலிவில் வாழும் ஒரு கருவி மேலே தனக்கொரு முகவரி தேடிக்கொண்ட வழி அது என்பதை எண்ணிப் பார்ப்பதில்லை.

மேலேறி விரைந்தோடுகிறார்களே என்ற குறைக்கும் இயற்பியலில் விடை உண்டு. 41 ஹெர்ட்ஸ் தந்தி ஒருமுறை போய்வர 24 மில்லிநொடி ஆகிறது. மணித்துளிக்கு 120 தட்டு என்னும் நடையில், ஒவ்வொரு தட்டையும் நான்காகப் பிரித்து வாசித்தால் ஓர் இசைக்குறிக்குக் கிடைப்பது 125 மில்லிநொடி. அதற்குள் தந்தி ஐந்தே முறை போய்வரும். ஐந்து அசைவைக் கொண்டு இது இன்ன இசைக்குறி என்று செவி துணிவது கடினம். மூன்று தாயி மேலே அதே நேரத்தில் நாற்பது அதிர்வுகள் கிடைக்கின்றன. நேரம் குறுகக் குறுக அதிர்வெண் மங்கும் என்பதை டென்னிஸ் காபோர் 1946இல் கணிதமாக நிறுவினார். ஆகவே விரைந்து வாசிக்க விரும்பும் பேஸ்காரர் மேலேறியே தீரவேண்டும். செருக்கு அவரை மேலே தள்ளவில்லை. கிளார்க் ஒரு தாயி மேலே சுதி சேர்த்த 'பிக்கலோ பேஸ்' என்னும் கருவியை நாடியதும் அவ்வுயரத்தில் பாடுவதற்கே.

இத்தனை சொன்ன பிறகும் குறை கூறுவோரிடம் ஓர் உண்மை எஞ்சி நிற்கிறது. அதை நான் மனமார ஏற்கிறேன். மூவரும் மேலேறிவிட்டால் கீழே யார்? கனடாவின் மெக்மாஸ்டர் பல்கலைக்கழகத்தில் லாரல் டிரெய்னர் குழுவினர் 2014இல் வெளியிட்ட ஆய்வொன்று இக்கேள்விக்கு எடை சேர்க்கிறது. உயர்ந்தது ஒன்றும் தாழ்ந்தது ஒன்றுமாக இரு ஒலிகளைச் சேர்த்து ஒலிக்கச் செய்து, இடையிடையே ஒன்றை மட்டும் 50 மில்லிநொடி முந்தி ஒலிக்க வைத்தனர். தாழ்ந்த ஒலி முந்தியபோதே மூளை மிகுதியாகத் துணுக்குற்றது. தாளத்துக்கு விரல் தட்டியோரின் விரலும் தாழ்ந்த ஒலியின் பிழையையே மிகுதியும் பின்பற்றியது. அதே பல்கலைக்கழகத்தார் 2022இல் அறிவித்த வேறோர் ஆய்வில், இசையரங்கில் செவிக்குப் புலப்படாத மிகத் தாழ்ந்த ஒலியைச் சேர்த்தபோது கூட்டத்தினரின் ஆட்டம் 11.8 விழுக்காடு கூடியது. தாளத்தை நம் உடல் மெலிவிலிருந்தே வாங்குகிறது. அங்கே ஆள் இல்லாவிட்டால் மேலே எத்தனை மின்னலடித்தாலும் கால் அசையாது. அங்கே மூவர் நின்று சிறிது முன்பின்னாகத் தட்டினாலோ, எதை நம்புவது என்று உடல் திகைக்கும்.

கருத்துகள் இவ்வளவு விலகி நிற்பதற்கு இன்னொரு எளிய காரணமும் உண்டு: எல்லாரும் கேட்டது ஒரே ஒலியை அன்று. 41 ஹெர்ட்ஸ் அலையின் நீளம் எட்டு மீட்டருக்கும் மேல். அரங்கின் சுவர்களுக்கிடையே அது நிலை அலையாக நின்றுவிடும். ஓர் இருக்கையில் வயிற்றை உலுக்கும் ஒலி, சில அடி தள்ளி அமர்ந்தவருக்கு ஏறக்குறைய இல்லாமலே போகும். வீட்டில் ஒலியைத் தணித்து வைத்துக் கேட்பவருக்கும் முதலில் மறைவது மெலிவுதான். தாழ்ந்த ஒலிக்குச் செவி மந்தமானது என்று பிளெட்சரும் மன்சனும் 1933இலேயே அளந்து காட்டினர். கைப்பேசியின் சிறு ஒலிபெருக்கி அடிப்படை அதிர்வெண்ணை எழுப்புவதே இல்லை. மேலுள்ள சீரிசைகளைக் கொண்டு மூளை அதனை ஊகித்துக்கொள்கிறது. அப்படிக் கேட்டவர் அறிந்தது தட்டலையும் அறைதலையும் மட்டுமே. அவர் இதை வெற்று வித்தை என்றால் அவர்மீது பிழையில்லை.

என் தீர்ப்பு இது. பேஸ் வாசிப்போர் எத்தனை பேர் கூடினாலும் கீழே இடம் ஒருவருக்கே. மூவர் கூட்டத்தின் சிறப்பு, அவ்விடத்தை அவர்கள் ஒருவர் கையிலிருந்து ஒருவர் கைக்கு எவ்வளவு தடங்கலின்றி மாற்றிக்கொள்கிறார்கள் என்பதில் இருக்கிறது. 'ஸ்கூல் டேஸ்' பாடலின் பல்லவியைத் தாமே வாசிக்கத்தக்க கைகள், இன்னொருவர் பாடும்போது ஒற்றைத் தந்தியில் நின்று நடை காப்பதைக் கேட்கையில் எனக்கு வரும் மகிழ்ச்சி, விரைவோட்டங்களில் வருவதில்லை.

'தண்டர்' தொகுப்பைக் கேட்கப் புகுவோர்க்கு ஒரு வேண்டுகோள். கைப்பேசியை ஒதுக்கிவைத்துவிட்டு நல்ல ஹெட்போனில் ஒரே பாடலை இருமுறை கேளுங்கள். முதன்முறை மேலே ஓடுபவரைத் தொடருங்கள். இரண்டாம் முறை அவரை விட்டுவிட்டு, கீழே நிற்பவர் யார், அவர் எந்த இடத்தில் மாறுகிறார் என்பதை மட்டும் கேளுங்கள்.