கந்தல் துணியில் ஒரு கட்டில்!

குழந்தைகளே, உங்கள் வீட்டில் கிழிந்துபோன புடவை, வேட்டியெல்லாம் என்ன ஆகிறது? சில நாள் அடுப்படியில் கரித்துணியாக இருக்கும். பிறகு குப்பைக்குப் போய்விடும். ஆனால், வட இந்தியாவில் பழந்துணியில் கட்டில் பின்னிச் சுகமாகத் தூங்குகிறார்கள்!

அங்குள்ள கயிற்றுக் கட்டிலுக்குச் 'சார்பாய்' என்று பெயர். 'சார்' என்றால் நான்கு, 'பாயா' என்றால் கால். நான்கு கால், நான்கு சட்டம், நடுவில் கயிற்றுப் பின்னல்; அவ்வளவுதான். 14-ஆம் நூற்றாண்டில் இந்தியா வந்த மொராக்கோ நாட்டுப் பயணி இபின் பதூதா, ஒரே ஆள் தூக்கிச் செல்லும் அளவுக்கு இக்கட்டில் இலேசானது என்று எழுதியிருக்கிறார்.

துணி தைக்கும்போது மிஞ்சும் வெட்டுத் துண்டுகளை இந்தியில் 'கத்ரன்' என்பார்கள். அவற்றைக் கயிறாக முறுக்கி, கட்டிலும் நாற்காலியும் பின்னுகிறார்கள். கட்டிலின் கால்மாட்டில் மட்டும் பின்னாமல் இடம் விட்டு, கயிற்றை இழுத்துக் கட்டியிருப்பார்கள். தொய்ந்துபோனால் அதை இறுக்கினால் போதும். கட்டிலைத் தூக்கி எறிய வேண்டாம்.

ஒரு பருத்தி டி-ஷர்ட் உருவாக, செடி வளர்வது முதல் ஏறத்தாழ 2,700 லிட்டர் தண்ணீர் தேவை என்று கணக்கிட்டிருக்கிறார்கள். அவ்வளவு தண்ணீர் குடித்த துணியை வீணாக்கலாமா?

பணி ஓய்வுக்குப் பின் நானும் முயன்றேன். என் அம்மாவின் பழைய நூல்புடவை ஒன்று பெட்டியில் இருந்தது. உடுத்த முடியாது, எறியவும் மனமில்லை. இரண்டு அங்குல அகலத்தில் கிழித்துக் கயிறு திரித்தேன். கையை எடுத்ததும் கயிறு பிரிந்துவிட்டது! எவ்வளவு முறுக்கினாலும் அப்படியே. பிறகுதான் என் தவறு புரிந்தது.

இரண்டு நாடாக்களையும் தனித்தனியாக வலப்பக்கம் முறுக்க வேண்டும். பிறகு இரண்டையும் சேர்த்து இடப்பக்கம் முறுக்க வேண்டும். நான் எல்லாவற்றையும் ஒரே பக்கம் முறுக்கியிருந்தேன். எதிரெதிராக முறுக்கினால், ஒரு முறுக்கு பிரியப் பார்க்கும்போது மற்றது இறுகும். இதுதான் கயிற்றின் இரகசியம். நாடா தீரும்போது புதிய துண்டைச் சேர்க்கலாம். ஆனால், இரண்டு நாடாவுக்கும் ஒரே இடத்தில் ஒட்டுப் போடாதீர்கள். அந்த இடம் பலமில்லாமல் போய்விடும்.

எங்கள் வீட்டில் பலகை உடைந்த மர ஸ்டூல் ஒன்று இருந்தது. எதிரெதிர்ச் சட்டங்களில் கயிற்றை நெருக்கமாகச் சுற்றினேன். இது பாவு. குறுக்கே ஒன்றின் மேலும் ஒன்றின் கீழுமாக நுழைத்தேன். இது ஊடை. நெசவாளர் துணி நெய்வதும் இப்படித்தான். ஒவ்வொரு வரிசையையும் இழுத்து இறுக்கினேன். முடிக்க நான்கு நாள் ஆயிற்று. இப்போது அதில் உட்கார்ந்துதான் நாளிதழ் படிக்கிறேன்.

நீங்கள் முதலில் ஒரு முழக் கயிறு திரித்துப் பாருங்கள். ஸ்டூலில் ஆணி இருந்தால் பெரியவர்களிடம் கொடுத்துப் பிடுங்கச் சொல்லுங்கள்.

ஆமாம், கத்தரிக்கோலை எடுக்கும் முன் அம்மாவிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். அது பழைய புடவைதானா என்று!