மேசையும் கடையும்

பொருளை வாங்கியதும் வெளியேற வேண்டிய இடமே கடை என்று நாம் எண்ணிப் பழகியிருக்கிறோம். அதற்கு விலக்கான ஒரு வகைக் கடையைப் பற்றி இன்று சொல்ல விரும்புகிறேன்.

சிறிய போர்வீரர் பொம்மைகளை மேசைமீது அணிவகுத்து, அளவுகோலால் தூரம் அளந்து, பகடை உருட்டிப் போரிடும் விளையாட்டு ஒன்று மேனாடுகளில் உண்டு. எச். ஜி. வெல்ஸ் என்னும் ஆங்கில எழுத்தாளர் 1913-இல் ‘லிட்டில் வார்ஸ்’ என்ற நூலில் இத்தகைய ஆட்டத்துக்கு விதிகள் வகுத்தார். 1975-இல் தோன்றிய ‘கேம்ஸ் ஒர்க்ஷாப்’ நிறுவனம் 1978-இல் லண்டனில் தன் முதற் கடையைத் திறந்தது.

இக்கடைகளில் பொம்மைகள் பெரும்பாலும் தனித்தனி உறுப்புகளாகவே விற்கப்படுகின்றன. அவற்றை ஒட்டி வண்ணம் தீட்டுவது வாங்குவோர் பொறுப்பு. ஆகவே, நல்ல கடைக்காரர் புதியவர் கையில் முதலில் தூரிகையைக் கொடுக்கிறார். பின்னர்ச் சிறு ஆட்டமொன்றைக் கற்பிக்கிறார். எதிரில் நின்று ஆட ஒருவர் இல்லாவிடில் வாங்கிய படையால் பயனில்லை அன்றோ? அந்த எதிராளியும் கடை மேசையிலேயே கிடைக்கிறார்.

மேசை நிற்கும் இடத்துக்கு வாடகை உண்டு. கற்பிப்பவருக்கு ஊதியம் உண்டு. இச்செலவு பெரும்பாலும் பொம்மையின் விலையிலேதான் அடங்குகிறது. மேசையில் ஆடிவிட்டு, இணையத்தில் மலிவாக வாங்குவோர் பெருகினால் கடை நிலைக்காது. அதுபோலவே, தயங்கி நிற்கும் புதியவரைப் பெரிய பெட்டியை வாங்குமாறு கடைக்காரர் நெருக்கினாலும், பழகிய ஆட்டக்காரர்கள் அவருடைய அறியாமையை ஏளனம் செய்தாலும், அவர் மறுமுறை வரமாட்டார்.

கடைக்காரரின் பொறுமையும் வாடிக்கையாளரின் நியாய உணர்வும் சேர்ந்தே அந்த மேசையைக் காக்கின்றன என்பது என் கருத்து.