கொட்டு மட்டும் போதுமா? பாட்டும் வேஷமும் வேண்டுமா?

ஓரி ஆண்ட மலையில் ஒரு பழைய கேள்வி!

டண்டணக்க... டண்டணக்க...

பறை முழங்குகிறது. கைக்குழந்தையை இடுப்பில் தூக்கிக்கொண்டு தாய்மார்கள் ஓடி வருகிறார்கள். கடைக்காரர் தராசைக் கீழே வைத்துவிட்டு எட்டிப் பார்க்கிறார். பள்ளிப் பிள்ளைகள் முன்வரிசையில் இடம் பிடிக்கிறார்கள்.

இது நாமக்கல் மாவட்டம் கொல்லிமலையில் உள்ள செம்மேடு. காரவள்ளியில் இருந்து 70 கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து இங்கே வரவேண்டும். ஆண்டுதோறும் ஆடி மாதம் 17, 18 ஆகிய நாட்களில் இங்கு வல்வில் ஓரி விழா நடக்கிறது. வில்வித்தைப் போட்டி உண்டு. மலர்க் கண்காட்சி உண்டு. நாட்டுப்புறக் கலை நிகழ்ச்சிகளும் உண்டு.

கொட்டுக் கோஷ்டி எங்கே ஆடினாலும், பார்ப்பவர்கள் இரண்டு கட்சியாகப் பிரிந்துவிடுவார்கள்.

"கொட்டு என்றால் கொட்டாகவே இருக்க வேண்டும். நடுவில் எதற்குப் பாட்டு? எதற்கு ராஜா வேஷம்?" என்பது ஒரு கட்சி.

"வெறும் கொட்டை எவ்வளவு நேரம் கேட்பது? ஒரு பாட்டு, ஒரு குதிரை வேஷம் வந்தால்தானே குழந்தைகள் உட்காருவார்கள்?" என்பது மற்றொரு கட்சி.

எது சரி?

ஓரியின் முன்னால் வந்த கோஷ்டி

இந்தக் கேள்விக்கு முதல் சாட்சி கொல்லிமலையிலேயே இருக்கிறது. அதுவும் சுமார் 2 ஆயிரம் ஆண்டுகளுக்கு முந்திய சாட்சி!

கடையெழு வள்ளல்களில் ஒருவன் வல்வில் ஓரி. கொல்லிமலையின் தலைவன். அவனைப் பற்றி வன்பரணர் என்ற புலவர் பாடிய பாட்டு புறநானூற்றில் 152-வது பாட்டாக இருக்கிறது. அதில் வரும் கதை இது:

கலைஞர் கூட்டம் ஒன்று காட்டு வழியே வந்தது. எதிரே ஒரு வேடன். அவன் விட்ட ஒரே அம்பு யானையை வீழ்த்தியது. அங்கே நிற்கவில்லை. புலி, மான், பன்றி என்று ஒவ்வொன்றாகத் துளைத்துக்கொண்டு போய், கடைசியில் புற்றில் இருந்த உடும்பின் மீது தைத்தது.

"இவன் சாதாரண வேடன் அல்ல. ஓரியாகத்தான் இருக்க வேண்டும்" என்று கூட்டத்தின் தலைவனுக்குச் சந்தேகம். உடனே தன் கூட்டத்தாரைக் கூப்பிடுகிறான். "நான் பாடப் போகிறேன். நீங்கள் முழவைச் சரிசெய்யுங்கள். யாழைக் கூட்டுங்கள். தூம்பை ஊதுங்கள். எல்லரி, ஆகுளி, பதலை எல்லாவற்றையும் எடுங்கள்" என்கிறான்.

கச்சேரி தொடங்குகிறது. பாட்டில் தன் பெயர் வந்ததும் அந்த வேடன் வெட்கப்பட்டு நிற்கிறான். ஆம்! அவன்தான் ஓரி. கலைஞர்களுக்கு மான் இறைச்சியும் மதுவும் கொடுத்தான். மலையில் கிடைத்த பொன்னையும் மணியையும் அள்ளிக் கொடுத்தான்.

இந்தக் கூட்டத்தில் யார் யார் இருந்தார்கள் என்பதைக் கவனியுங்கள். முழவும் ஆகுளியும் பதலையும் தோல் கருவிகள். பாட ஒரு பாணன். கூடவே விறலியர். விறலி என்றால் உள்ளத்து உணர்ச்சியை உடம்பில் காட்டி ஆடும் பெண்.

ஆக, அன்றைக்கே கொல்லிமலையில் கொட்டும் பாட்டும் ஆட்டமும் சேர்ந்துதான் நடந்திருக்கின்றன. "பாட்டும் வேஷமும் புதுப் பழக்கம்" என்று யாரும் சொல்லிவிட முடியாது.

கொட்டே பேசும்!

ஆனால் கொட்டுக் கட்சிக்காரர்களின் வாதத்தையும் தள்ளிவிட முடியாது.

பறையை எடுத்துக்கொள்ளுங்கள். வட்டமான மரச்சட்டம். அதன்மேல் இழுத்துக் கட்டிய தோல். அடிப்பதற்கு முன் வைக்கோலைக் கொளுத்தித் தோலுக்குச் சூடு காட்டுவார்கள். சூடு ஏற ஏறத் தோல் இறுகும். நாதம் 'கணீர்' என்று வரும்.

அடிக்க இரண்டு குச்சிகள். இடது கையில் மெல்லிய சிம்புக் குச்சி. வலது கையில் தடித்த அடிக்குச்சி. இந்த இரண்டு குச்சிகளை வைத்துக்கொண்டு திருவிழா அடி, கல்யாண அடி, சாவு அடி என்று எத்தனையோ அடிகளை அடிக்கிறார்கள். தெருக்கோடியில் இருப்பவர்கூட, சத்தத்தைக் கேட்டதும் ஊரில் என்ன நடக்கிறது என்று சொல்லிவிடுவார். அதற்குப் பாட்டு வேண்டாம்.

உறுமியைக் கேட்டிருப்பீர்கள். ஒரு பக்கம் அடி. மறுபக்கம் வளைந்த குச்சியால் தேய்ப்பு. தேய்க்கும்போது எழும் சத்தம் புலி உறுமுவது போலவே இருக்கும். புலியே வந்துவிட்ட பிறகு புலி வேஷம் எதற்கு?

கேரளத்தில் திருச்சூர் பூரம் நடக்கிறது அல்லவா? அங்கே 'இலஞ்சித்தறை மேளம்' என்று ஒன்று உண்டு. செண்டை, இலத்தாளம், கொம்பு, குழல் ஆகியவற்றுடன் சுமார் 250 கலைஞர்கள் வரிசையாக நிற்பார்கள். பாட்டு கிடையாது. வேஷம் கிடையாது. மெதுவாகத் தொடங்கும் மேளம் படிப்படியாக வேகம் பிடிக்கும். இரண்டு மணி நேரத்துக்கு மேல் நடக்கும். கூட்டம் நகராது. கைகளை மேலே உயர்த்தித் தாளம் போட்டுக்கொண்டே நிற்கும்.

ஒன்று மட்டும் உண்மை. அந்தப் பூரத்தில் நெற்றிப்பட்டம் கட்டிய யானைகளும் நிற்கும். கண்ணுக்கு விருந்து அங்கேயும் இல்லாமல் இல்லை!

கட்டைக்காலே தாளம் போடும்

இப்போது பாட்டு, வேஷக் கட்சியின் பக்கம் வருவோம்.

பொய்க்கால் குதிரை ஆட்டத்தில் ஆடுபவர் ராஜா வேஷம் போடுவார். பெண் ராணி வேஷம் போடுவார். இடுப்பைச் சுற்றிக் குதிரைக்கூடு. காலில் கட்டைகள். அந்தக் கட்டைக்கால்கள் தரையில் 'டக் டக்' என்று விழும்போது அதுவே ஒரு தாளம். இங்கே வேஷம் கொட்டுக்கு இடைஞ்சல் இல்லை. வேஷமே ஒரு கொட்டு!

கரகாட்டத்துக்கு வாசிப்பது நையாண்டி மேளம். நாதசுரம், தவில், பம்பை, தமுக்கு, தாளம் எல்லாம் அதில் உண்டு. தலையில் கரகத்தோடு ஆடும் பெண் ஓர் அடி வைப்பாள். தவில்காரர் அதற்குப் பதில் கொடுப்பார். தவில்காரர் ஒரு தீர்மானம் வைப்பார். அவள் காலால் பதில் சொல்வாள். கேள்வியும் பதிலுமாகப் போகும் இந்தப் போட்டியில் யார் ஜெயிப்பார்கள் என்று பார்க்கத்தான் ஜனங்கள் விடிய விடிய உட்கார்ந்திருக்கிறார்கள்.

சேலம், தருமபுரி பக்கம் பம்பைக்காரர்களைப் பார்க்கலாம். ஒன்றாகக் கட்டிய இரண்டு கொட்டுகள்தான் பம்பை. மாரியம்மன் திருவிழாவில் பம்பைக்காரர் கொட்டிக்கொண்டே அம்மன் கதையைப் பாடுவார். கதை உச்சத்துக்கு வரும்போது பாட்டை நிறுத்திவிடுவார். பம்பை மட்டும் முழங்கும். அந்த இடத்தில்தான் கேட்பவர்களுக்கு உடம்பு சிலிர்க்கும். பாட்டு வந்ததால் கொட்டின் மதிப்பு குறையவில்லை. கூடியிருக்கிறது!

அமெரிக்காவிலும் இதே சண்டை

இந்தத் தகராறு நம் ஊரில் மட்டும்தான் என்று நினைக்க வேண்டாம்.

அமெரிக்காவில் இளைஞர்கள் டிரம், பித்தளை ஊதுகருவிகளுடன் விளையாட்டு மைதானத்தில் அணிவகுத்து வாசிக்கும் கோஷ்டிகள் உண்டு. இவர்களுக்குப் போட்டி நடத்தும் பெரிய அமைப்பு 1972-ல் முதல் சாம்பியன் போட்டியை நடத்தியது.

பட்டாளம் போல மிடுக்காக நடப்பதுதான் அந்தக் கோஷ்டிகளின் பழக்கம். ஆனால் நியூஜெர்சியின் 'பிரிட்ஜ்மென்' கோஷ்டி நீண்ட மஞ்சள் அங்கியும் தொப்பியும் போட்டுக்கொண்டு வந்து, வாசித்து முடித்ததும் மொத்தமாக மயங்கி விழுவது போல நடித்தது. கலிபோர்னியாவின் 'வெல்வெட் நைட்ஸ்' கோஷ்டி கோமாளி வேஷங்களோடு மைதானத்தில் இறங்கியது. கூட்டம் விழுந்து விழுந்து சிரித்தது. பழமை விரும்பிகள் முகத்தைச் சுளித்தார்கள்.

2004-ல் ஒலிபெருக்கிக்கு அனுமதி கிடைத்தது. மைக்கைப் பிடித்துப் பாடவும் வசனம் பேசவும் தொடங்கினார்கள். 2009-ல் மின்சார இசைக்கருவிகளும் வந்தன. "டிரம் சத்தம் எங்கே போயிற்று?" என்று பழைய ரசிகர்கள் கோபப்பட்டார்கள். "கதை புரிகிறதே, அது போதாதா?" என்றார்கள் புதியவர்கள். அந்தச் சண்டை இன்னும் ஓயவில்லை.

எங்கே கெடுகிறது?

அப்படியானால் குற்றம் பாட்டிலா, வேஷத்திலா? இரண்டிலும் இல்லை. சேர்க்கும் முறையில்தான் இருக்கிறது.

மைக் பாட்டுக்காரரிடம் மட்டும் இருந்தால் கொட்டு அமுங்கிப்போகும். சினிமாப் பாட்டைப் பெட்டியில் போட்டுவிட்டால், கொட்டுக்காரர் சும்மா கையை ஆட்டிக்கொண்டு நிற்க வேண்டியதுதான். கைதட்டலுக்காக இரட்டை அர்த்தப் பேச்சையும் அரைகுறை உடையையும் நுழைத்தால், தாய்மார்கள் குழந்தைகளைக் கூட்டிக்கொண்டு எழுந்து போய்விடுவார்கள். கரகம் தலையில் இருந்தாலும் கலை கீழே விழுந்துவிடும்!

இதில் இன்னொரு விஷயமும் இருக்கிறது. பறை அடித்தவர்களை இந்தச் சமூகம் நெடுங்காலம் கீழாகவே நடத்தியது. சாவு வீட்டுக்கு மட்டும் கூப்பிட்டது. வாசலிலேயே நிறுத்தியது. இன்று நிலைமை மாறிவருகிறது. திண்டுக்கல் சக்தி கலைக்குழுவில் பெண்களே பறையைத் தோளில் மாட்டிக்கொண்டு அடிக்கிறார்கள், ஆடுகிறார்கள், பாடுகிறார்கள். மதுரை மாவட்டத்தைச் சேர்ந்த பறைக் கலைஞர் வேலு ஆசானுக்கு 2025-ல் பத்மஸ்ரீ விருது அறிவிக்கப்பட்டது.

இப்படிப் பாடுபட்டு மேடை ஏறிய கொட்டை, மறுபடியும் மேடையின் மூலைக்குத் தள்ளலாமா? கொட்டுக் கட்சிக்காரர்களின் கோபத்தில் உள்ள நியாயம் இதுதான்.

தீர்ப்பு என்ன?

அனுபவம் உள்ள கோஷ்டிகள் நடந்துகொள்ளும் விதத்திலேயே தீர்ப்பு இருக்கிறது.

முதலில் கொட்டு மட்டும் முழங்கும். கூட்டம் கூடும். பிறகு வேஷம் வரும், பாட்டு வரும். கதை நடக்கும். கொட்டுக்காரரின் கைக்கும் கொஞ்சம் ஓய்வு கிடைக்கும். கடைசியில் எல்லாம் விலகும். மறுபடியும் கொட்டு தனியாக நின்று முழங்கும்.

சாம்பார் சோற்றுக்கு ருசி. அதற்காகச் சோறே தெரியாமல் சாம்பாரை ஊற்றினால் யார் சாப்பிடுவார்கள்? பாட்டும் வேஷமும் அப்படித்தான். கொட்டை எடுத்துக் காட்டினால் வாழட்டும். கொட்டை மூடி மறைத்தால் விலகட்டும்!

கடைசியாக ஒன்று. வன்பரணர் ஓரியைப் பற்றி இன்னொரு பாட்டும் பாடியிருக்கிறார். அது புறநானூற்றின் 153-வது பாட்டு. ஓரியிடம் போன கலைஞர்கள் பொற்பூவும் யானையும் பரிசாகப் பெற்றார்கள். பசி தீர்ந்தது. அந்தத் திருப்தியில், வாத்தியம் முழங்கியும் ஆட முடியவில்லையாம். பாட்டையும் மறந்துபோனார்களாம்!

கலைஞனின் பசி அறிந்து கொடுத்தவன் ஓரி. ஆடியில் செம்மேட்டுக்குப் போகிறவர்கள் "பாட்டு நன்றாக இருந்ததா, வேஷம் நன்றாக இருந்ததா?" என்று பேசிக்கொண்டே மலை இறங்குவார்கள். இறங்குவதற்கு முன்னால், வியர்வை வழிய நிற்கும் கொட்டுக்காரர்களுக்கு ஒரு கைதட்டலும், அவர்கள் நீட்டும் துண்டில் ஒரு நோட்டும் கொடுத்துவிட்டு இறங்கினால், ஓரியின் மலைக்கு வந்துபோனதற்கு அதுவே அழகு.