காலராக் கிருமிக்கு விஷம் கொடுத்த விருந்தாளி

ரிச்சர்ட்ஸ் டவுன் பூங்காவுக்கு மாலையில் காற்று வாங்க வரும் நம்மவர்கள் பலருக்கு, பக்கத்திலுள்ள பிரேசர் டவுன் பிறந்த கதை தெரிந்திருக்கும். 1898-ல் பெங்களூரைப் பிளேக் நோய் உலுக்கியது. அதன் பிறகே எலி அண்டாத வீடுகளும் அகலமான தெருக்களுமாக அந்தப் பேட்டை திட்டமிடப்பட்டு, 1910-ல் திறக்கப்பட்டது.

பிளேக் பயம் மறைந்துவிட்டது. ஆனால் காலரா? 2024-ஆம் ஆண்டுக் கோடையில், தண்ணீர்த் தட்டுப்பாட்டால் நகரம் தவித்த ஏப்ரல் மாதத்தில், பெங்களூரில் காலரா நோயாளிகள் கண்டறியப்பட்டனர். குழாயையும் லாரித் தண்ணீரையும் நம்பி வாழும் நாம் இந்தக் கிருமியைப் பற்றி அறிந்திருப்பது நல்லது.

காலரா எப்படிக் கொல்கிறது என்பதைக் கண்டுபிடித்தவர் ஓர் இந்தியர். கல்கத்தாவின் டாக்டர் சம்பு நாத் டே, கிருமிகளை வடிகட்டி நீக்கிய திரவத்தை முயலின் குடலில் செலுத்திப் பார்த்தார். கிருமி இல்லாமலேயே குடலில் நீர் நிரம்பியது! கிருமி கக்கும் ஒரு விஷமே காரணம் என்று 1959-ல் அவர் எழுதினார். 1985-ல் அவர் காலமானார். நம் பெங்களூரிலிருந்து வெளிவரும் ‘கரண்ட் சயின்ஸ்’ பத்திரிகை 1990-ல் அவருக்காகச் சிறப்பிதழ் வெளியிட்டது.

சரி, அந்த விஷம் கிருமிக்கு எங்கிருந்து வந்தது? 1996-ல் அமெரிக்காவில் வால்டர், மெகலனோஸ் என்ற இரு விஞ்ஞானிகள் விடை சொன்னார்கள். விஷத்தை உண்டாக்கும் மரபணுக்கள் கிருமியின் சொந்தச் சொத்தே அல்ல. நூல் போன்ற ஒரு வைரஸ் கொண்டுவந்து கொடுத்தவை! கிருமிக்கும் தொற்று உண்டு என்பது வேடிக்கைதானே? இந்த வைரஸுக்கு சி.டி.எக்ஸ். ஃபை என்று பெயர்.

கிருமியின் உடலில் மயிரிழை போன்ற நீட்சிகள் உண்டு. வைரஸ் அவற்றைப் பற்றிக்கொண்டு தன் ஒற்றை இழை டி.என்.ஏ.வை உள்ளே அனுப்புகிறது. வேறு பல வைரஸ்கள் தங்கள் மரபணுவை ஒட்டவைக்கும் கருவியையும் கையோடு கொண்டுவரும். இதுவோ வெறுங்கையோடு வருகிறது!

ஆபீஸ் பேரேட்டை நினைத்துக்கொள்ளுங்கள். வெளியார் ஒருவர் ஒரு தாளோடு வந்து, ஆபீஸ் கத்தரியையும் ஆபீஸ் பசையையும் எடுத்து, அந்தத் தாளைப் பேரேட்டிலேயே ஒட்டிவிட்டுப் போனால் எப்படியிருக்கும்? அதுவே இங்கும் நடக்கிறது. கிருமி பெருகும்போது டி.என்.ஏ. நகல்கள் இரண்டும் ஒன்றாக இணைந்துவிடுவது உண்டு. அவற்றை வெட்டிப் பிரிக்க ஸெர்-சி, ஸெர்-டி என்று இரண்டு நொதிகளை அது வைத்திருக்கிறது. வைரஸின் ஒற்றை இழை தன்மேல் தானே மடிந்து, அந்த நொதிகள் வழக்கமாக வெட்டும் இடத்தைப் போலவே வேஷம் போடுகிறது. நொதிகளும் ஏமாந்து அதைக் கிருமியின் டி.என்.ஏ.வில் சேர்த்துவிடுகின்றன. அந்த நொதிகள் இல்லாமல் கிருமியால் ஒழுங்காகப் பெருக முடியாது. ஆகவே கதவை அடைக்கவும் வழியில்லை. பிறகு கிருமி பெருகும்போதெல்லாம் விஷமும் வாரிசுச் சொத்தாக இறங்குகிறது.

நமக்கு நெருக்கமான சம்பவம் ஒன்று உண்டு. 1992-ல் சென்னையில் ஒரு புது வகைக் காலரா தலைகாட்டியது. பழைய காலராவால் ஓரளவு எதிர்ப்புச் சக்தி பெற்றிருந்த பெரியவர்களையும் அது விடவில்லை. கல்கத்தாவுக்கும் வங்கதேசத்துக்கும் பரவிய அதற்கு ஓ-139 என்று பெயரிட்டார்கள். கிருமியின் மேல்சட்டை மாறியிருந்தது. உள்ளே இருந்ததோ அதே வைரஸ் தந்த விஷம்தான்.

கிருமி சட்டை மாற்றினாலும் நம் தற்காப்பு மாறவில்லை. தண்ணீரைக் கொதிக்கவைத்துக் குடியுங்கள். பேதி கண்டால், கொதித்து ஆறிய ஒரு லிட்டர் நீரில் தலைதட்டிய 6 தேக்கரண்டி சர்க்கரையும் அரைத் தேக்கரண்டி உப்பும் கரைத்து உடனே கொடுக்கத் தொடங்குங்கள். காலராவில் சில மணி நேரத்திலேயே உயிருக்கு ஆபத்து வரலாம். ஆகவே ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியிலும் கொடுப்பதை நிறுத்தாதீர்கள்.