விண்வெளிச் செலவும் நாட்டு வரவும்

சந்திரனில் மனிதரை இறக்கும் அப்பல்லோத் திட்டத்திற்கு அமெரிக்க ஐக்கிய நாடு ஏறக்குறைய 2,540 கோடி டொலரைச் செலவிட்டது. 1966 ஆம் ஆண்டில் அந்நாட்டு மத்திய அரசு செலவிட்ட ஒவ்வொரு நூறு டொலரிலும் நான்குக்கு மேற்பட்டவை விண்வெளி நிருவாகத்திற்கே சென்றன. இன்று அரை டொலர்தானும் செல்வதில்லை. இப்பெருஞ்செலவு நாட்டின் செல்வத்தைப் பெருக்கிற்றா என்னும் வினா அன்றே எழுந்தது, இன்னும் ஓய்ந்தபாடில்லை.

பெருக்கிற்று என்போர் முதலில் எடுத்துக்காட்டுவன சிறு சிறு புதுப்பொருள்கள். சமையற் சட்டியிற் பூசப்படும் டெப்லோன் சந்திரப் பயணத்தின் கொடை எனப் பலர் நம்புகின்றனர். அது கண்டுபிடிக்கப்பட்டது 1938 இல். விண்வெளி நிருவாகம் தோன்றியதோ 1958 இல். அடுத்து, அப்பல்லோவினால் நான்கு இலட்சம் பேர் வேலை பெற்றனர் என்பர். இவ்வாதமும் வலிதன்று. அப்பொறியியலாளர் அங்கே சென்றிராவிடின் வாளா இருந்திருப்பார்களா? வேறு தொழிலிற் பயன்பட்டிருப்பர். அவர்தம் சம்பளத்தைச் செலவுப் பத்தியில் எழுதியபின், அதனையே வரவுப் பத்தியிலும் எழுதுதல் கணக்கு முறையாகாது.

இவற்றினும் வலிய சான்றொன்று உண்டு. பல மின்னுறுப்புகளைச் சிறு சில்லொன்றில் அடக்கும் முறையைத் தனியார் நிறுவனங்களே 1958, 1959 ஆம் ஆண்டுகளில் கண்டன. ஆயினும் தொடக்கத்தில் விலை மிக அதிகம், வாங்குவோர் சிலரே. அப்பல்லோக் கலத்தின் கணினிக்கும் இராணுவத்தின் எறிகணைகளுக்கும் அரசு அவற்றைப் பெருந்தொகையாக வாங்கிற்று. உற்பத்தி பெருகப் பெருக விலை வீழ்ந்தது. அரசு இங்கே கண்டுபிடிப்பாளனாக அன்றி, முதல் வாடிக்கையாளனாக நின்று உதவியது.

எனினும், தெளிவான ஊதியம் வேற்றுலகை நாடிச் சென்ற கலங்களினால் அன்றி, பூமியை நோக்கித் திரும்பிய செய்மதிகளினாலேயே கிடைத்தது. 1960 ஏப்பிரலில் ஏவப்பட்ட டைரோஸ் என்னும் செய்மதி மேகப்படங்களை அனுப்பிய நாள்முதல், நடுக்கடலில் உருவாகும் புயலைக் கரையை அடையுமுன் காணும் வழி பிறந்தது. புயலெச்சரிக்கையை ஒருவர் கேட்பதால் மற்றவர்க்கு அது குறைந்துவிடாது. கேட்போரிடம் கட்டணம் அறவிடுதலும் இயலாது. ஆதலின் இலாபம் நாடும் வணிகர் இதற்கு முதலிடத் துணியார். அரசே செய்தல் வேண்டும். 1972 முதல் நிலப்பரப்பைப் படம்பிடித்துவரும் லாண்ட்சற் செய்மதிகளின் வரலாறும் இதற்குச் சான்று. ஒரு படம் 600 டொலர் விற்ற காலத்தில் வாங்கினோர் சிலர். 2008 இல் அவை இலவசமாக்கப்பட்டபின், வேளாண்மை, நீர்வளம், காடு ஆகிய துறைகளில் உலகெங்கும் அவற்றை எடுத்தாள்வோர் பன்மடங்கு பெருகினர். திறைசேரிக்கு வரவு இல்லை. பயனோ முன்னையிலும் பெரிது.

இத்தகைய பயனையும் முழுவதும் செய்மதியின் பேரில் எழுதிவிடலாகாது. இந்தியாவின் ஒடிசா மாநிலத்தை 1999 ஒக்டோபரில் தாக்கிய பெரும்புயலில் ஏறத்தாழப் பதினாயிரம் பேர் மாண்டனர். மேகப்படம் அனுப்பும் செய்மதிகள் அந்நாட்டுக்கு அப்போதும் இருந்தன. கரையோர மக்கள் ஒதுங்குதற்குப் போதிய புகலிடங்கள்தாம் இல்லை. அதன்பின் அம்மாநில அரசு அனர்த்த வேலைக்கெனத் தனி அமைப்பொன்றை நிறுவிற்று, புகலிடங்கள் எழுந்தன, ஊர்தோறும் மக்கள் பயிற்றப்பட்டனர். 2013 ஒக்டோபரில் பைலின் புயல் வந்தபோது சுமார் பத்து இலட்சம் பேர் முன்கூட்டியே அகற்றப்பட்டனர். இறந்தோர் ஐம்பதின் அளவினர். இவ்வேறுபாட்டில் செய்மதிக்கு எத்துணைப் பங்கு, புகலிடத்திற்கு எத்துணைப் பங்கு எனப் பிரித்துரைத்தல் அரிது. புகலிடம் கட்டிய செலவும், வீடுதோறுஞ் சென்று மக்களை எழுப்பி அழைத்துவந்தவர்களின் உழைப்பும் விண்வெளித் துறையின் கணக்கேடுகளில் இடம்பெறுவதில்லை.